"‘இப்படி’ன்னா எப்படி சார்?" மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் கல்லூரி ஆசிரியருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நான் பொருளாதாரம் நடத்துபவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பி.ஏ. முதலாண்டு வகுப்பில் தேவைக் கோட்டை வரைந்துவிட்டு, "விலை குறைஞ்சா வாங்குறது கூடும், அதனால கோடு இப்படி வரும்" என்றேன். மணி அடித்ததும் பார்வையற்ற மாணவர் ஒருவர் மேசையருகே வந்து நின்றார். "சார், ‘இப்படி’ன்னா எப்படி சார்?"

கிண்டல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. "பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட கேட்டுக்கப்பா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

பள்ளி ஆசிரியருக்காவது பி.எட். உண்டு. நாம் நெட், செட் தகுதித் தேர்வு, முனைவர் பட்டம் என்று எழுதிக்கொண்டு வகுப்புக்குள் வந்துவிடுகிறோம். பாடம் தெரியும், பாடம் நடத்தச் சொல்லிக்கொடுத்தவர் யாரும் இல்லை. அதிலும் கண் தெரியாத, காது கேளாத ஒருவருக்கு எப்படி நடத்துவது என்பதை அந்த மாணவர்களிடமே தப்பும் தவறுமாகக் கற்றுக்கொண்டேன். அதைப் படிப்படியாக எழுதுகிறேன். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இதில் முக்கால்வாசி வேலை வகுப்பு தொடங்குவதற்கு முன்பே முடிய வேண்டியது.

படி 1: சட்டத்தில் இவ்வளவாவது தெரிந்திருக்கட்டும்

1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. 2016இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கியது. பார்வை, செவி, கை கால் மட்டும் இல்லை. கற்றல் குறைபாடு, ஆட்டிசம், மனநோய், ஹீமோபிலியா, தலசீமியா, பார்க்கின்சன் நோய், அமிலம் வீசப்பட்டதால் வந்த பாதிப்பு எல்லாம் அதில் அடக்கம். ஆகவே "என் வகுப்பில் மாற்றுத்திறனாளி யாரும் இல்லை" என்று சொல்லுமுன் கொஞ்சம் யோசியுங்கள். உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அரசுக் கல்லூரியிலும் அரசு உதவிபெறும் கல்லூரியிலும் 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ளவர்களுக்குக் குறைந்தது 5 சதவீத இடம் ஒதுக்க வேண்டும். வயது வரம்பில் 5 ஆண்டு தளர்வும் உண்டு. முப்பதைத் தாண்டிய ஒருவர் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் நடுவே உட்கார்ந்திருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். மாணவருக்குத் தேவையான நியாயமான மாற்றங்களைச் செய்து தருவது கல்லூரியின் கடமை என்றும் அதே சட்டம் சொல்கிறது. நாம் செய்வது தயவு இல்லை என்பதை இங்கேயே மனத்தில் போட்டுக்கொண்டால் பின்னால் பல சிக்கல் குறையும்.

படி 2: முதல் வாரத்தில், தனியாகக் கேளுங்கள்

"மாற்றுத்திறனாளிங்க எல்லாம் எழுந்திருங்க, ஸ்காலர்ஷிப் லிஸ்ட் எடுக்கணும்." இந்த வசனத்தை நம் கல்லூரிகளில் எத்தனை முறை கேட்டிருப்போம்! காலுக்குத் தாங்கியாகக் காலிப்பர் போட்டவர் எழுந்திருப்பார், வேறு வழியில்லை. மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிற பெண் எழுந்திருக்க மாட்டார்.

நான் செய்வது வேறு. முதல் வகுப்பில் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்வேன்: "உட்காருற இடம், நோட்ஸ், பரீட்சை, எதுல யாருக்கு என்ன ஏற்பாடு தேவைன்னாலும் இந்த வாரத்துக்குள்ள வந்து பாருங்க, இல்லேன்னா மெசேஜ் போடுங்க." ஒவ்வோர் ஆண்டும் நான் எதிர்பாராத ஒருவராவது வருவார். ஸ்டாஃப் ரூமில் பத்துப் பேர் காதுபட வேண்டாம். மரத்தடி பெஞ்சோ நூலக மூலையோ போதும்.

அங்கே என்ன கேட்பது? "உங்களுக்கு என்ன பிரச்சினை?" என்று ஆரம்பிக்காதீர்கள். அது டாக்டர் கேட்க வேண்டிய கேள்வி. பிளஸ் டூ வரை எப்படிப் படித்தீர்கள், யார் வாசித்துக் காட்டினார்கள், பரீட்சையை எப்படி எழுதினீர்கள், போனில் எந்தச் செயலி வைத்திருக்கிறீர்கள், எங்கே உட்கார்ந்தால் வசதி என்று கேளுங்கள். கடைசியாக ஒன்று: "நான் எதைச் செய்யக் கூடாது?" இதற்கு வரும் பதில்தான் பொன். ஒரு மாணவி சொன்னார்: "நான் உள்ள வரும்போது பேச்சை நிறுத்தாதீங்க சார். எல்லாரும் திரும்பிப் பாக்கறது எனக்குத் தெரியும்."

ஊகிப்பது எவ்வளவு தப்பாகும் என்பதற்கு ஒரு சம்பவம். முப்பத்து நாலு வயதில் ஒருவர் சேர்ந்தார். தனியார் வேலையில் இருந்தவர், விழித்திரை நோயால் பார்வை போன பிறகு படிக்க வந்திருக்கிறார். பார்வையற்றவர் என்றதும் ஓடியாடி ஒரு சிறப்புப் பள்ளியிலிருந்து பிரெய்ல் புத்தகம் வாங்கி வந்து நீட்டினேன். அவர் அதைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். "எனக்கு இது புள்ளி வச்ச கோலம் மாதிரி இருக்கு சார்." இருபத்தெட்டு வயது வரை அச்சில் படித்தவருக்குப் பிரெய்ல் எப்படித் தெரியும்? அவருக்குத் தேவைப்பட்டது போனில் கேட்கக்கூடிய ஒரு கோப்பு மட்டும்.

இவரைப் போன்றவர்களிடம் "வாங்க, உட்காருங்க" என்றுதான் பேச வேண்டும். இதைச் சொல்லக்கூட வேண்டுமா என்று தோன்றலாம், வேண்டியிருக்கிறது. இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனை, கண் தெரியாது என்ற ஒரே காரணத்துக்காக "தம்பி, பாத்து வாடா" என்று அழைத்த ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். அதேபோல, பதினெட்டு தாண்டியவருடைய விஷயத்தை அவரைக் கேட்காமல் வீட்டுக்குப் போன் போட்டுப் பேசாதீர்கள். அவர் உங்களிடம் சொன்னதை அவர் அனுமதியில்லாமல் துறைத் தலைவரிடம்கூடச் சொல்லாதீர்கள்.

படி 3: பாடக் குறிப்புகளை வாசிக்கக்கூடியதாக மாற்றுங்கள்

இதில்தான் நம் ஊருக்கே உரிய ஒரு வில்லங்கம் இருக்கிறது.

பார்வையற்ற மாணவர்கள் கணினியில், திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக் காட்டும் திரைவாசிப்பான் வைத்துப் படிக்கிறார்கள். என்.வி.டி.ஏ. என்ற மென்பொருள் இலவசம். பார்வையற்ற ஆஸ்திரேலியரான மைக்கேல் கரன் 2006இல் தொடங்கியது. ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் என்ற திரைவாசிப்பான் உள்ளேயே இருக்கிறது. இரண்டும் தமிழை வாசிக்கும், ஆனால் எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் இருந்தால்தான். நம் துறைகளில் பல காலமாகச் சேர்த்து வைத்திருக்கும் குறிப்புகளோ பாமினி, வானவில் என்ற பழைய எழுத்துருக்களில் கிடக்கின்றன. பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்திருந்தால் அது திரையில் மட்டும்தான் தமிழ். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். திரைவாசிப்பான் "ஜே, கே, பீ, ஓ, செமிகோலன்" என்கிற தினுசில் உளறும். நாற்பது பக்கமும் அப்படியே வந்தால் காதில் எப்படி இருக்கும் என்று பாருங்கள். தமிழ்நாட்டு அரசு 2010இலேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. நம் பென்டிரைவுகளுக்குத்தான் இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை.

தீர்வு எளிது. என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற இலவசக் கருவியில் பழைய கோப்பைப் போட்டு யூனிகோடாக மாற்றுங்கள். மாற்றியதை ஒருமுறை கண்ணால் ஓட்டிவிடுங்கள், சில இடங்களில் கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும்.

அடுத்த தொல்லை, ஸ்கேன் செய்த பி.டி.எஃப். அது வெறும் படம். திரைவாசிப்பானுக்கு அது வெற்றுத்தாள். அந்தக் கோப்பைக் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்தைப் பிரித்துக் கொடுத்துவிடும். தமிழ் அச்சுக்கும் ஓரளவு நன்றாகவே வேலை செய்கிறது. ஜெராக்ஸின் ஜெராக்ஸ் என்றால் கைவிரித்துவிடும், அப்போது யாராவது தட்டச்சு செய்துதான் ஆக வேண்டும். வகுப்புக் குழுவில் கரும்பலகையைப் போட்டோ எடுத்துப் போடும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. அதோடு இரண்டு நிமிடக் குரல் பதிவு ஒன்றையும் சேர்த்துப் போடுங்கள். சொல்லப்போனால், பஸ்ஸில் வருகிற மற்ற பிள்ளைகளும் அதைத்தான் கேட்கிறார்கள்.

வேர்டில் தயாரிக்கும்போது தலைப்புகளை வெறுமனே தடித்த எழுத்தாக்காமல், அதிலிருக்கும் ‘ஹெட்டிங்’ வசதியைப் பயன்படுத்துங்கள். திரைவாசிப்பானில் ஒரு விசையைத் தட்டித் தட்டித் தலைப்புக்குத் தலைப்பு தாவலாம். இல்லாவிட்டால் முப்பதாம் பக்கத்துக்குப் போக முதல் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டே வர வேண்டும்.

"புத்தகத்தை ஸ்கேன் செய்து கொடுத்தால் காப்புரிமைப் பிரச்சினை வராதா?" என்று சில நண்பர்கள் தயங்குகிறார்கள். மாற்றுத்திறனாளிகள் படிப்பதற்காக அவர்களுக்கு ஏற்ற வடிவில் பிரதி எடுக்க 2012இல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி வழி செய்திருக்கிறார்கள். லாப நோக்கம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். 2016இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தில் ஏற்கெனவே மாற்றி வைத்த புத்தகங்கள் நிறைய இருக்கின்றன. மாணவரை அதில் உறுப்பினராகச் சேர்த்துவிடுவது உங்கள் முதல் மாத வேலையாக இருக்கட்டும்.

படி 4: கையால் காட்டுவதை வாயால் சொல்லுங்கள்

‘இப்படி’, ‘அங்கே’, ‘இந்தக் கோடு’, ‘இதைப் பாருங்க’. ஒரு வகுப்பை போனில் பதிவு செய்து இவற்றை எத்தனை முறை சொல்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். நான் எண்ணிப் பார்த்து மிரண்டுபோனேன்.

தேவைக் கோட்டை இப்போது இப்படிச் சொல்கிறேன் (இந்த ‘இப்படி’ பரவாயில்லை): "செங்குத்துக் கோட்டில் விலை. படுக்கைக் கோட்டில் அளவு. இடப்பக்கம் மேலே ஒரு புள்ளி: விலை பத்து ரூபாய், வாங்குவது இரண்டு கிலோ. அங்கிருந்து வலப்பக்கம் கீழே இறங்குகிறோம். விலை ஐந்து ரூபாயாகும்போது ஆறு கிலோ. மாடியிலிருந்து படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினால் கை போகுமே, அந்தச் சாய்வு." கைப்பிடி உவமை என்னுடையது இல்லை, ஒரு மாணவர் கொடுத்தது.

சொன்னாலும் போதாத படங்கள் உண்டு. சமநோக்கு வளைகோடுகள் இரண்டு மூன்றை விலைக் கோட்டோடு சேர்த்து வாயால் சொல்லி முடிக்க முடியாது. ஓர் அட்டையில் ஃபெவிகாலால் கோடு இழுத்து, அதன் மேல் நூலை ஒட்டுங்கள். அச்சுகளுக்குச் சணல், வளைகோட்டுக்குத் தையல் நூல், வெட்டும் புள்ளியில் ஒரு ஜவ்வரிசி. காய்ந்ததும் விரலால் தடவிப் படிக்கலாம். மொத்தச் செலவு இருபது ரூபாய்கூட ஆகாது. ஒருமுறை செய்த அட்டைகளைத் துறை அலமாரியில் போட்டு வையுங்கள்.

படி 5: காது கேளாத மாணவருக்கு மொழியே வேறு

பார்வையற்ற மாணவரைவிட இவர்களிடம்தான் நான் அதிகம் தோற்றேன். காரணம், சிக்கல் சத்தத்தில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு குரலை உயர்த்தினேன்.

முதலில் உதட்டசைவு. "வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள்" என்று பலர் நம்புகிறோம். கண்ணாடி முன் நின்று ‘பணம்’ என்றும் ‘மணம்’ என்றும் சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள். ‘பாடு’, ‘மாடு’ சொல்லுங்கள். உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். ககரமோ தொண்டைப் பக்கம் பிறப்பது, வெளியே தெரியவே தெரியாது. பொருளாதார வகுப்பில் பணத்துக்கும் மணத்துக்கும் வித்தியாசம் தெரியாவிட்டால் என்ன ஆகும்! இதில் நாம் பாதி நேரம் கரும்பலகையைப் பார்த்துப் பேசுகிறோம். எழுதும்போது எழுதுங்கள், திரும்பிய பிறகு பேசுங்கள். ஜன்னலுக்கு முன்னால் நிற்காதீர்கள், வெளிச்சத்தில் முகம் இருட்டாகிவிடும்.

இரண்டாவது, சைகை மொழி என்பது கையால் பேசும் தமிழ் இல்லை. இந்திய சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு. பிறவியிலேயே காது கேளாத ஒருவருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழி. "நேற்று சந்தை விலை ஏறு மக்கள் வாங்கு குறை" என்று விடைத்தாளில் பார்த்ததும் சிவப்பு மையை எடுத்துவிடாதீர்கள். வேற்றுமை உருபும் காலமும் இல்லை, ஆனால் விலை ஏறினால் வாங்குவது குறையும் என்ற தேவை விதி முழுசாக இருக்கிறது. பொருளாதாரத் தாளில் நான் பொருளாதாரத்துக்குத்தான் மதிப்பெண் போடுகிறேன். தமிழ்த்துறை நண்பர்கள் இதில் என்னோடு சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

சைகை மொழிபெயர்ப்பாளர் கிடைத்தால் அதிர்ஷ்டம். காது கேளாதோருக்கென்றே பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் நடக்கும் சென்னை மாநிலக் கல்லூரி போன்ற இடங்கள் விதிவிலக்கு, பெரும்பாலான கல்லூரிகளில் யாரும் இருக்க மாட்டார்கள். வந்தால், கேள்வியை மாணவரைப் பார்த்துக் கேளுங்கள். "அவர்கிட்ட சொல்லுங்க" என்று மொழிபெயர்ப்பாளரைப் பார்த்துப் பேசுவது எதிரில் இருப்பவரை இல்லாதவராக்குவது. பாடக் குறிப்பை அவருக்கு முந்தைய நாளே கொடுங்கள். ‘நெகிழ்ச்சி’, ‘பணவீக்கம்’ போன்றவற்றுக்கு எந்தச் சைகை என்று மூவருமாக முடிவு செய்துகொள்ளுங்கள். டெல்லியிலுள்ள இந்திய சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையம் 2021இல் 10,000 சொற்கள் கொண்ட அகராதி வெளியிட்டிருக்கிறது, அதில் தேடிப் பார்க்கலாம்.

மொழிபெயர்ப்பாளர் இல்லையா? கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் செயலி பேசுவதை அப்படியே எழுத்தாக்கிக் காட்டும், தமிழிலும். சட்டைப்பையில் மைக்கை மாட்டிக்கொண்டு பேசினால் சுமாராக வரும். நாம் தமிழும் ஆங்கிலமும் கலந்து அடிக்கும்போதுதான் அது தடுமாறுகிறது. அதனால் முக்கியச் சொற்களைப் பலகையில் எழுதிவிடுவது எப்போதும் நல்லது. இன்னொன்று: அவரால் ஒரே நேரத்தில் பலகையையும் உங்கள் வாயையும் நோட்டையும் பார்க்க முடியாது. எழுதிக்கொள்ளச் சொன்னால் பேச்சை நிறுத்துங்கள்.

படி 6: வகுப்பறை எங்கே இருக்கிறது?

இதைச் சுருக்கமாக முடிக்கலாம். சக்கர நாற்காலியிலோ ஊன்றுகோலோடோ வரும் மாணவர் இருந்தால் அந்த வகுப்பு தரைத்தளத்துக்கு வர வேண்டும். கால அட்டவணை போடும் ஆசிரியரிடம் ஜூன் மாதமே போய் நில்லுங்கள், அட்டவணை ஒட்டிய பிறகு யாரும் மாற்ற மாட்டார்கள். சாய்தளம் என்ற பெயரில் ஒன்றை, கல்லூரிக்குத் தரம் போடும் நாக் குழு வருவதற்கு முன் அவசரமாகக் கட்டியிருப்பார்கள். அதை ஒரு டேப்பால் அளந்து பாருங்கள். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இருக்க வேண்டும். நான்கு அடியில் முடித்திருந்தால் அது சறுக்குமரம்.

கழிப்பறையையும் பாருங்கள். சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை இல்லாததால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருந்த மாணவி எனக்குத் தெரியும். மதியத்துக்கு மேல் அவர் கவனம் சிதறுவதாக நான் குறை சொல்லியிருக்கிறேன்.

படி 7: கண்ணுக்குத் தெரியாதவை

வகுப்பில் கேள்வி கேட்டால் பொறி பறக்கப் பதில் சொல்வார். தாளில் பார்த்தால் ‘விலை’ என்பது ‘விளை’, ‘விழை’ என்று ஒரே பக்கத்தில் மூன்று விதமாக இருக்கும், பாதி விடை எழுதப்பட்டிருக்காது. சோம்பேறி என்று முத்திரை குத்தப் பத்து நொடி போதும். கற்றல் குறைபாடாக இருக்கலாம். பள்ளியில் யாரும் கண்டுபிடிக்காமல் கல்லூரி வரை வந்தவர்கள் பலர். நீங்கள் ‘நோய்’ கண்டுபிடிக்க வேண்டியதில்லை. "வாயால் சொல்வது தாளில் வரவில்லையே, பரிசோதித்துப் பார்க்கலாமா?" என்று தனியாகக் கேட்கலாம். சென்னையில் 1991 முதல் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இயங்குகிறது, அவர்களிடம் வழி கேட்கலாம். அதுவரை இன்டர்னல் மதிப்பெண்ணில் ஒரு பகுதியை வாய்மொழித் தேர்வாக வையுங்கள். அது உங்கள் கையில் இருக்கிற அதிகாரம்தான்.

மனநோய் உள்ளவர்கள் விஷயத்தில் எனக்குப் பலன் தந்தது ஒன்றே ஒன்று. அசைன்மென்ட் கெடுவை முதலிலேயே எல்லோருக்கும் ஒரு வாரம் தாராளமாக வைத்துவிடுவது. அப்போது யாரும் வந்து காரணம் சொல்லி நிற்க வேண்டியதில்லை.

படி 8: பரீட்சைக்கு ஒரு மாதம் முன்பே ஓடத் தொடங்குங்கள்

மத்திய அரசு 2018 ஆகஸ்டில் வெளியிட்ட வழிகாட்டு நெறி மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் தரச் சொன்னது. மூன்று மணி நேரத் தேர்வு என்றால் நான்கு மணி நேரம். பார்வையற்றவர், இரண்டு கையும் பாதிக்கப்பட்டவர், பெருமூளை வாதம் உள்ளவர் ஆகியோர் கேட்டால், அவர் சொல்லச் சொல்ல விடை எழுதும் ஸ்கிரைப் ஒருவரைக் கொடுக்க வேண்டும். மற்றவர்கள், எழுத முடியாது என்பதற்கு அரசு மருத்துவரின் சான்று கொண்டுவர வேண்டும். மாணவரே ஸ்கிரைபைக் கூட்டி வந்தால் ஸ்கிரைபின் படிப்பு மாணவர் படிப்பைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்றது 2018 நெறி.

குறைபாடு 40 சதவீதம் இல்லாவிட்டால் ஒன்றும் கிடையாது என்று அலுவலகத்தில் சொல்வார்கள். அது பழைய கதை. எழுதும்போது கை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் ஒருவர் தொடுத்த விகாஸ் குமார் வழக்கில், ஸ்கிரைப் வசதிக்கு அந்த 40 சதவீத வரம்பு பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. அதையொட்டி 2022இல் தனி நெறிமுறையும் வந்தது. இப்போது நடப்பில் இருக்கும் நெறிமுறையை ஒரு பிரிண்ட் அவுட் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள், தாளைக் காட்டினால் நம்புவார்கள்.

எங்கள் மாணவர் ஒருவருக்கு நடந்தது: அனுமதிக் கடிதம் தேர்வுக் கன்ட்ரோலர் மேசையில் கையெழுத்தாகிக் கிடந்தது, தேர்வறைக்கு வரவில்லை. மேற்பார்வையாளர் ஸ்கிரைபை உள்ளே விடவில்லை. நான் ஓடிப்போய்க் கடிதத்தை எடுத்து வந்தபோது நாற்பது நிமிடம் போயிருந்தது. அன்றிலிருந்து, கடிதத்தின் மூன்று நகல்: ஒன்று மாணவரிடம், ஒன்று ஸ்கிரைபிடம், ஒன்று என் பையில்.

ஸ்கிரைபும் மாணவரும் முதல்முறையாகத் தேர்வறையில் சந்திக்கக் கூடாது. இது நான் கண்டதிலேயே பெரிய பாடம். ஒரு பழைய வினாத்தாளை வைத்து ஒரு மணி நேரமாவது இருவரும் பழகட்டும். வேகம் பிடிபடும். ‘கெயின்ஸ்’ போன்ற பொருளாதார அறிஞர் பெயர்களை எப்படி எழுதுவது என்பது தெரியும். "அடிக்கோடு போடுங்க", "பத்தி மாத்துங்க" என்று சொல்ல மாணவரும் பழகுவார். படம் வரையச் சொல்லும் கேள்விகளுக்கு மாற்றுக் கேள்வி வேண்டுமா, அல்லது அவர் சொல்லச் சொல்ல ஸ்கிரைப் வரையலாமா என்பதையும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

படி 9: இரக்கத்துக்கு மதிப்பெண் போடாதீர்கள்

"பாவம் சார், பாஸ் போட்டு விட்டுடுங்க." திருத்தும் மேசையில் இதைச் சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அந்தப் பாவத்தால் மூன்று வருடத்தில் ஒரு பட்டதாரி வெளியே வருகிறார், அவருக்குப் பாடம் தெரியாது. போட்டித் தேர்வில் அவருக்கு யாரும் பாவம் பார்க்கப் போவதில்லை.

நானும் போட்டிருக்கிறேன். ‘இப்படின்னா எப்படி’ என்று கேட்ட அதே மாணவருக்கு, முதல் செமஸ்டர் இன்டர்னலில், தாளைச் சரியாகப் படிக்காமலே நல்ல மதிப்பெண். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். தாளை எடுத்துக்கொண்டு வந்தார்.

"சார், இதுல நான் எங்கெங்க தப்பு பண்ணியிருக்கேன்?"

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க."

"பள்ளிக்கூடத்துலேருந்து எல்லாரும் அதான் சார் சொல்றாங்க. தப்பை யாருமே சொல்றதில்ல."

உட்காரச் சொல்லிவிட்டு, அவர் சொல்லச் சொல்ல ஸ்கிரைப் எழுதிய தாளை முதல் வரியிலிருந்து படித்தேன். இரண்டாவது கேள்வியிலேயே மாட்டியது. அச்சு இரண்டும் இடம் மாறியிருந்தன. செங்குத்தில் அளவைப் போட்டுப் படுக்கையில் விலையைப் போடச் சொல்லியிருந்தார். சிவப்புப் பேனாவை எடுத்து மூன்று மதிப்பெண்ணைக் குறைத்தேன். "எவ்வளவு சார் போச்சு?" என்று கேட்டார். சொன்னேன். "சரி, அடுத்த கேள்விக்கு வாங்க" என்றார்.